எலக்ட்ரானிக் டிரம்ஸ்: ஓர் அடி எப்படி ஒலியாகிறது?

விலை குறைந்த எலக்ட்ரானிக் டிரம் கிட் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் புகார்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மெதுவாக அடித்தால் சத்தமே வரவில்லை. ஒரு தடவை அடித்தால் இரண்டு தடவை கேட்கிறது. டாம் எனும் டிரம்மை அடித்தால் பக்கத்தில் இருக்கும் கிராஷ் சிம்பலும் சேர்ந்து அலறுகிறது. ஹெட்ஃபோனில் சத்தம் பிந்தி வருகிறது. காசுக்கேத்த தோசை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். இந்தப் புகார்களில் பெரும்பாலானவை கருவியின் பழுதே அல்ல. ஸ்டிக் பட்ட இடத்திலிருந்து காதுக்குச் சத்தம் வந்து சேரும் வழியில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், மெனுவில் இரண்டு மூன்று எண்களை மாற்றியே தீர்த்துவிடலாம்.

குறைந்த விலை என்று இங்கே சொல்வது, இந்தியக் கடைகளில் ஏறக்குறைய 30,000 முதல் 50,000 ரூபாய்க்குள் கிடைப்பவற்றை. அலெசிஸ் நைட்ரோ மெஷ், யமஹா டிடிஎக்ஸ்402கே போன்றவை இந்த வரிசையில் வரும். எடுத்துக்காட்டுக்கு நைட்ரோ மெஷ்ஷையே வைத்துக்கொள்வோம். மடிக்கு முன்னால் நிற்கும் ஸ்னேர் டிரம் ஒன்று, மூன்று டாம், காலால் மிதித்து அடிக்கும் கிக்குக்குச் சின்னதாக ஒரு தூண், ஹை-ஹாட், கிராஷ், ரைட் என்று மூன்று சிம்பல் தட்டுகள், ஹை-ஹாட்டுக்குத் தனியாக ஒரு பெடல், இத்தனையையும் தாங்கும் அலுமினியக் குழாய்ச் சட்டம், எல்லாவற்றுக்கும் மூளையாக ஒரு மாட்யூல். ஸ்டிக் படும் பரப்பு ஒவ்வொன்றுக்கும் பேட் என்று பெயர். ஸ்னேரும் டாமும் 8 அங்குலம். நிஜ டிரம்ஸில் ஸ்னேர் 14 அங்குலம் இருக்கும். ஆக, இங்கே எல்லாமே சிறுத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்.

மெல்லிசைக் கச்சேரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘பேட்’ என்றதும் நினைவுக்கு வருவது வேறு ஒன்று: ஸ்டாண்டின் மேல் ஒரே பலகையாக நிற்கும், எட்டுக் கட்டம் கொண்ட ரிதம் பேட். ரோலண்ட் 1985-இல் கொண்டுவந்த ஆக்டோபேட் வம்சம் அது. தபேலா, டோலக், கைத்தட்டு என்று கட்டத்துக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டு, ஒரே ஆள் ஒரு தாளக் குழுவின் வேலையைச் செய்துவிடுவார். உள்ளே நடக்கும் சங்கதி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் டிரம் கிட்டில் இரண்டு கால்களுக்கும் வேலை உண்டு. டிரம்ஸ் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர், இடம் மிச்சமாகிறதே என்று ரிதம் பேட் மட்டும் வாங்கினால் கை பழகும், கால் பழகாது. சுருட்டி வைக்கிற சிலிகோன் விரிப்பாக வருபவை விளையாட்டுச் சாமான். பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம். கற்றுக்கொள்ள அது போதாது.

தட்டியது முதல் கேட்டது வரை

பேடுக்குள் ஒலி எதுவும் இல்லை. மெஷ் வலைக்கு அடியில் ஒரு பட்டையும், அதில் ஒட்டிய வட்டமான சின்னப் பித்தளைத் தகடும் இருக்கும். தகட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு பீங்கான் வட்டம். இதுதான் பியசோ சென்சார். அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாக்கும் குணம் சில படிகங்களுக்கு இருப்பதை 1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை ‘டக்’ என்று அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதுவும் இதே குணத்தால்தான். லைட்டருக்குள் சுத்தியல் ஓங்கி விழுவதால் ஆயிரக்கணக்கான வோல்ட் வருகிறது. பேடில் ஸ்பாஞ்சு வழியாக மெத்தென்று இறங்கும் அதிர்வில் வருவது சில வோல்ட்தான், சில சமயம் அதுவும் இல்லை.

அந்த மின்துடிப்பு கேபிள் வழியாக மாட்யூலுக்குப் போகிறது. மாட்யூல் அதை ஓரிரு மில்லிசெகண்ட் கவனித்து, எவ்வளவு உயரம் போய் இறங்கியது என்று அளக்கிறது. அந்த உயரத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. 127 என்ற கணக்கு மிடியிலிருந்து வருவது. வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டும் டிரம் மெஷினும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள 1983-இல் வந்த பொது விதி அது. பூப்போலத் தொட்டால் 15, நிதானமாக அடித்தால் 70, ஓங்கி அடித்தால் 127 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எவ்வளவு ஆவேசப்பட்டாலும் 127தான், ஸ்டிக்தான் உடையும். கடைசியாக, இந்த எண்ணைப் பார்த்து மாட்யூல் தன் நினைவகத்தில் இருக்கும் ஒலி ஒன்றை எடுத்துவிடுகிறது. ஏதோ ஒரு ஸ்டுடியோவில், யாரோ ஒருவர் நிஜ ஸ்னேரை அடித்துப் பதிவு செய்த ஒலி அது.

விலையில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் தெரியும். விலை கூடிய மாட்யூலிலும் கம்ப்யூட்டர் மென்பொருளிலும் ஒரே ஸ்னேருக்கு மெதுவான அடி, நடுத்தர அடி, பலமான அடி என்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன வேறுபாட்டோடு பல பிரதிகளும் இருக்கும், மாற்றி மாற்றி வரும். மலிவான மாட்யூலில் பதிவுகள் கொஞ்சம். மெதுவாக அடித்தால் பெரும்பாலும் அதே பதிவு குறைந்த சத்தத்தில் வருகிறது. ஸ்னேரில் ரோல், அதாவது இடைவிடாத வேக அடிகள், வாசித்துப் பாருங்கள், ஒரே ஒலி அச்சுக் குலையாமல் தடதடவென்று வரும். டிரம்மர்கள் இதற்கு ‘மெஷின் கன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நைட்ரோ மெஷ் பெட்டியில் 385 ஒலிகள், 40 கிட்கள் (இங்கே கிட் என்பது ஒலித் தொகுப்பு) என்று போட்டிருக்கும். டிடிஎக்ஸ்402 வரிசையில் 415 ஒலிகள், 10 கிட்கள். இந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். எவ்வளவு இருந்தாலும் ஆட்கள் கடைசியில் வாசிப்பது பிடித்துப்போன இரண்டு மூன்று கிட்களைத்தான். அதைவிட, ஸ்னேர் பேட் எந்த அளவுக்கு மெல்லிய அடியைப் பிடிக்கிறது என்பது பல மடங்கு முக்கியம்.

பேடின் மேற்பரப்பு ரப்பராகவோ மெஷ்ஷாகவோ இருக்கும். 1981-இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 கிட்டின் அறுகோண பேடுகள் கெட்டியான பாலிகார்பனேட்டால் ஆனவை. பார்க்க அட்டகாசமாக இருக்கும், வாசித்தவர்களின் மணிக்கட்டுதான் பாடுபட்டது. பிறகு ரப்பர் வந்தது. 1997-இல் ரோலண்ட் டிடி-10 கிட்டோடு, ரெமோ நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய மெஷ் ஹெட்டை அறிமுகப்படுத்தியது. பின்னப்பட்ட வலையில் காற்று புகுந்து போய்விடுவதால் சத்தம் குறைவு, ஸ்டிக்கும் தோலில் பட்டது போல எழும்பி வரும். ரொம்ப நாள் எட்டாத விலையில் இருந்த மெஷ், இன்று மலிவான கிட்களிலும் வந்துவிட்டது. என் கட்சி மெஷ்தான். ஆனால் ஒன்று: மெஷ் நிஜத் தோலைவிட அதிகமாகத் துள்ளும். துள்ளலை நம்பியே டபுள் ஸ்ட்ரோக் (ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி) பழகிவிட்டால், நிஜ டிரம்ஸின் தளர்ந்த ஃப்ளோர் டாமில், அதாவது தரையில் நிற்கும் பெரிய டாமில், ஸ்டிக் எழும்பாமல் கை திணறும். டிரம் கீ எனும் திருகுசாவியால் மெஷ்ஷை எதிரெதிர்த் திருகுகளாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, துள்ளலைக் குறைத்துக்கொள்ளலாம். ரப்பர் பேட் சற்று ஓசையாக இருக்கும், மணிக்கட்டுக்கும் கடினம். உழைப்பில் மட்டும் குறை சொல்ல முடியாது.

மெனுவில் இருக்கும் எண்கள்

இனி புகார்களுக்கு வருவோம். எல்லா மாட்யூலிலும், பெயர் கொஞ்சம் மாறினாலும், சென்சிடிவிட்டி, த்ரெஷோல்ட், கிராஸ்டாக், ரீட்ரிகர் என்று ஒரு கூட்டம் இருக்கும். கிட் வீட்டுக்கு வந்ததும் பாட்டைப் போட்டு வாசிக்கத் தொடங்காமல், ஒரு மாலை நேரத்தை இவற்றுக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

சென்சிடிவிட்டி என்பது துடிப்பை மாட்யூல் எவ்வளவு பெருக்கிப் பார்க்கிறது என்பது. கூடுதலாக வைத்தால் சாதாரண அடியே 127-ஐத் தொட்டுவிடும். அப்புறம் மெதுவும் பலமும் ஒன்றுபோலக் கேட்கும். குறைத்து வைத்தால் முழு சத்தம் வர ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும், தோள் வலி வரும். த்ரெஷோல்ட் என்பது வாசற்படி. இந்த உயரத்துக்குக் கீழே வரும் துடிப்பைக் கண்டுகொள்ளாதே என்று மாட்யூலுக்குச் சொல்வது. அது உயரமாக இருந்தால் மெல்லிய அடிகள் காணாமல் போகும். தாழ்வாக இருந்தால் நீங்கள் எழுந்து நடந்தால்கூட ஏதாவது ஒரு பேட் முனகும்.

சரிசெய்யும் விதம் இப்படி. ஸ்னேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வாசிக்கும்போது எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அவ்வளவே பலமாக நடுவில் அடித்தபடி இருங்கள். அது உச்ச சத்தத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்வரை சென்சிடிவிட்டியைக் குறையுங்கள். இப்போது ஸ்டிக்கின் முனையைப் பேடுக்கு இரண்டு அங்குலம் மேலே வைத்து, சும்மா விழ விடுங்கள். சத்தம் வரவில்லையென்றால் த்ரெஷோல்டை ஒவ்வொரு எண்ணாக இறக்குங்கள், மெல்லிசாகக் கேட்கத் தொடங்கும்வரை. பிறகு பக்கத்து டாமை ஓங்கி அடியுங்கள். ஸ்னேர் வாய் திறக்காமல் இருந்தால் வேலை முடிந்தது. திறந்தால் த்ரெஷோல்டை ஓர் எண் ஏற்றுங்கள். நடுவில் அடித்தால் மட்டும் சத்தம் எகிறுகிறது, ஓரத்தில் குறைகிறது என்றால் சென்சார் பேடின் மையத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அது பழுது இல்லை, மலிவு பேடின் இயல்பு. நடுப்புள்ளியை விட்டு ஓர் அங்குலம் தள்ளி அடிக்கப் பழகிக்கொள்வதுதான் வழி.

டாமை அடித்தால் கிராஷ் ஒலிக்கும் கதைதான் கிராஸ்டாக். எல்லா பேடும் ஒரே குழாய்ச் சட்டத்தில் தொங்குவதால் ஒன்றின் அதிர்வு இன்னொன்றின் சென்சாரைத் தட்டி எழுப்புகிறது. மெனுவைத் தொடுவதற்கு முன், பேடுகளைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளாம்ப்களைப் பாருங்கள். இறுகாத திருகு அதிர்வைக் கூட்டும். கேபிள் ஏதாவது பேடின் விளிம்பில் உரசினாலும் இதே தொல்லை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், வீணாக ஒலிக்கும் பேடின் கிராஸ்டாக் எண்ணைக் கொஞ்சம் ஏற்றலாம். ரொம்ப ஏற்றினால் எதிர்வினை உண்டு: கிக்கையும் கிராஷையும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது, இது வேண்டாத அதிர்வு என்று நினைத்து மாட்யூல் ஒன்றை விழுங்கிவிடும்.

ஓர் அடிக்கு இரண்டு ஒலி வருவதற்கு ரீட்ரிகர். மெஷ் அடி வாங்கியதும் சில நொடித்துளிகள் குலுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குலுக்கலையே அடுத்த அடி என்று மாட்யூல் எண்ணிவிடுகிறது. முதலில் மெஷ்ஷை இறுக்கிப் பாருங்கள். தொளதொளவென்று இருக்கும் மெஷ்தான் பெரும்பாலும் காரணம். அதற்கும் மசியாவிட்டால் எண்ணை மாற்றலாம். கிக்கில் இரட்டை ஒலி வந்தால் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் கால்: அடித்த பீட்டரை (பெடலில் இருக்கும் சுத்தியலை) பேடிலேயே அழுத்தி வைத்தால் அது நடுங்கித் திரும்பவும் தட்டும்.

ஹை-ஹாட்டில் மட்டும் எந்த எண்ணும் முழுதாகக் கைகொடுக்காது. நிஜ ஹை-ஹாட் என்பது இரண்டு தட்டுகள். கால் அழுத்தும் அளவுக்கு ஏற்ப மூடியது, சற்றே திறந்தது, நன்றாகத் திறந்தது என்று எத்தனையோ நிலைகள். இங்கே இருப்பது ஒரே ரப்பர் தட்டு. எட்டப் பெடல் ஒன்று, கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தனியாகச் சொல்லி அனுப்புகிறது. மலிவு கிட்களில் மூடியதும் திறந்ததும் தெளிவாக வரும், நடுநிலைகள் திக்கித் திணறும். ராக் வாசிப்பவர்கள் பாதி திறந்த ஹை-ஹாட்டைச் சலசலக்க விடுவதை நம்பியிருப்பார்கள். அவர்களுக்கு இது ஏமாற்றம்தான். கிராஷை அடித்தவுடன் விளிம்பைக் கையால் பிடித்து அமுக்குவது பல கிட்களில் வேலை செய்யும், விளிம்பில் ஒரு சுவிட்ச் பட்டை புதைந்திருப்பதால்.

சத்தமில்லாத டிரம்ஸ் என்பது பாதி உண்மை

நிஜ டிரம்ஸ் வாசிப்பவர் காதருகே 100 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. அதனால்தான் அபார்ட்மென்ட்காரர்கள் எலக்ட்ரானிக் பக்கம் போகிறார்கள். அளவாகச் சத்தம் வைக்க முடிவதால் பல தேவாலயங்களிலும் இதுதான் நிற்கிறது.

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்பது டப் டப் என்ற ஸ்டிக் ஓசைதான். கதவைச் சாத்தினால் அதுவும் அடங்கும். பிரச்சினை கீழே. கிக் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் குதிகாலின் எடையும் பீட்டரின் அடியும் சட்டம் வழியாகத் தரைக்கு இறங்கி, கான்கிரீட் தளத்தையே அதிர வைக்கின்றன. காற்றில் வரும் சத்தத்தைச் சுவர் தடுக்கும். கட்டடத்துக்குள் ஓடும் அதிர்வைத் தடுக்காது. மேலே வாசிப்பவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, “என்ன தம்பி, மேல யாராச்சும் உரல் இடிக்கிறீங்களா?” என்று கேட்டால், அவர் மிகைப்படுத்தவில்லை.

கார்பெட், யோகா பாய் போன்றவை வழுக்காமல் இருக்க உதவும். அதிர்வுக்கு அவ்வளவாகப் பயன் இல்லை. கைகொடுப்பது டென்னிஸ் பந்து மேடை. கிட் நிற்கும் அளவுக்கு இரண்டு அடுக்கு ப்ளைவுட், இடையில் பந்துகள். கீழ்ப் பலகையில் பந்தின் விட்டமான 6.7 சென்டிமீட்டரைவிடச் சற்றுச் சிறிய வட்டத் துளைகளை ஓர் அடி தூரத்துக்கு ஒன்றாகப் போட்டு, பந்துகளை அதில் உட்காரவைத்து, மேல் பலகையைச் சும்மா தூக்கி வைத்துவிட வேண்டும். ஆணி, திருகு எதுவும் இரண்டு பலகையையும் இணைக்கக் கூடாது. ஒரே ஒரு திருகு போதும், அதிர்வு அதன் வழியாக இறங்கிவிடும். தெரு கிரிக்கெட்டுக்கு விற்கும் கனமான பந்துகளை விட்டுவிட்டுச் சாதாரண டென்னிஸ் பந்துகளை வாங்குங்கள், பழசானாலும் பரவாயில்லை. கிட்டோடு ஸ்டூலும், அதாவது உங்கள் எடையும், மேடைமேல்தான் இருக்க வேண்டும். மேடையின் விளிம்பு சுவரைத் தொடக் கூடாது. இவ்வளவு செய்தாலும் சத்தம் முழுவதும் போகாது. குறையும், அவ்வளவுதான். இரவு பத்துக்கு மேல் கிக்கை விட்டுவிட்டுக் கைப்பயிற்சி மட்டும் வைத்துக்கொள்வது உறவுகளுக்கு நல்லது.

டிடிஎக்ஸ்402கே போன்ற சில கிட்களில் பீட்டரே கிடையாது. மிதித்தால் பெடலே சென்சாரை அழுத்தும். சத்தம் கணிசமாகக் குறையும். ஆனால் பீட்டரின் எடை காலுக்குப் பழகாது, பின்னாளில் நிஜக் கிக் பெடலில் கால் வைத்தால் புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மாடி வீடா தரைத்தளமா என்பதைப் பொறுத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனை மறந்துவிடுங்கள்

சத்தம் பிந்தி வருகிறது என்ற புகாருக்கு பெரும்பாலும் ஒரே காரணம்தான். மாட்யூல் தன் வேலையைச் சில மில்லிசெகண்டில் முடித்துவிடும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் நடக்கவே ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகும் என்பதால், அந்தத் தாமதம் ஸ்பீக்கரிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி உட்கார்ந்ததற்குச் சமம், யாருக்கும் உறைக்காது. ப்ளூடூத் ஹெட்ஃபோனோ ஒலியைச் சுருக்கி அனுப்பி விரித்துக் காட்டுவதற்குள் 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் ஒரு பதினாறாம் சுரத்தின், அதாவது கால் எண்ணிக்கையின், நீளமே 125 மில்லிசெகண்ட். நீங்கள் அடுத்த அடிக்குப் போனபிறகு முந்தைய அடி கேட்கிறது என்றால் தாளம் எப்படி நிற்கும்? சில மாட்யூல்களில் ப்ளூடூத் என்று போட்டிருப்பது ஃபோனிலிருந்து பாட்டை உள்ளே கொண்டுவரத்தான். காதுக்கு வயர் ஹெட்ஃபோன்தான் வேண்டும், அதிலும் காதை முழுதாக மூடும் வகை. காது மூடினால் ஸ்டிக் ஓசை உள்ளே வராது, அதை அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போகவும் தோன்றாது. ஒரு மணி நேரம் வாசித்தபின் காதில் ரீங்காரம் கேட்டால், அடுத்த தடவை சத்தத்தைக் குறைத்தே தீர வேண்டும்.

ஸ்பீக்கரில் கேட்க ஆசை என்றால் கீபோர்டு ஆம்ப் அல்லது, ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர். கம்ப்யூட்டரோடு வரும் குட்டி ஸ்பீக்கர்களுக்குக் கிக்கின் திடீர் உதை தாங்காது.

மாட்யூலின் ஒலி சலித்துப்போனால் யூஎஸ்பி வயரைக் கம்ப்யூட்டரில் செருகிவிடலாம். அப்போது வயரில் போவது எண்கள்தான். ஜெனரல் மிடி எனும் பொது எண் வரிசைப்படி கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்தது 46, கிராஷ் 49, ரைட் 51. எந்த எண், எவ்வளவு பலம் என்ற தகவல் போகிறது. ஒலியைக் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் போட்டுத்தருகிறது. எம்டி பவர் டிரம் கிட் என்று இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது. அதை இணைத்து ஒரு தடவை வாசித்தால், குறை பேடில் எவ்வளவு, மாட்யூலின் ஒலிக்கிடங்கில் எவ்வளவு என்று தெளிவாகத் தெரிந்துவிடும். இங்கே தாமதம் மறுபடி தலைகாட்டும். விண்டோஸில் ஆசியோ (ASIO) எனும், தாமதத்தைக் குறைக்கும் டிரைவரைப் போட்டு, பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலித்துணுக்குகளின் எண்ணிக்கையை, 128-க்குக் கொண்டுவாருங்கள். நொடிக்கு 44,100 துணுக்கு வேகத்தில் அது 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு.

உட்கார்ந்து வாசிக்க

ஸ்டூலின் உயரம்தான் முதல் வேலை. தொடை முட்டியை நோக்கி இலேசாகச் சரிந்திருக்க வேண்டும். ஸ்னேர் தொப்புளுக்குச் சற்றுக் கீழே. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான கிட்களில் ஸ்டூலும் ஹெட்ஃபோனும் பெட்டிக்குள் வருவதில்லை. பட்ஜெட் போடும்போதே இவற்றுக்கும் ஒதுக்கிவிடுங்கள். ஸ்டிக்கில் 5ஏ என்ற அளவு போதும். முனை சிதறிய ஸ்டிக்கை மெஷ்ஷில் பயன்படுத்தாதீர்கள், சிராய் வலையைக் கிழித்துவிடும்.

முதலில் கற்கும் தாளம் உலகமெங்கும் ஒன்றுதான். வலது கை ஹை-ஹாட்டில் எட்டு அடி: ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட் ஃபோர் அண்ட். ஒன், த்ரீ வரும்போது வலது கால் கிக். டூ, ஃபோர் வரும்போது இடது கை ஸ்னேர். சீராகக் கிளிக் கொடுக்கும் மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு எட்டு எண்ணிக்கை கைவந்தது. ஹை-ஹாட்டின் எட்டை அதன் எட்டு அட்சரங்களாகவே எண்ணிக்கொள்ளலாம். மிருதங்கம் கொஞ்சம் கேட்டவர்களுக்கு இன்னும் சுலபம்: ஓர் எண்ணுக்குள் நான்கு அடி வந்தால் தகதிமி, மூன்று வந்தால் தகிட. டிரம்ஸில் ஃபில், அதாவது தாளத்துக்கு இடையில் வரும் குட்டி அலங்காரம், வாசிக்கும்போது இந்தச் சொற்கட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டால் கை தடுமாறாது.

வழக்கமாக நடப்பது என்னவென்றால், கை மூன்றாம் சுற்றிலேயே ஓடத் தொடங்கிவிடும், கால் பின்தங்கும். அப்போது ஹை-ஹாட்டை நிறுத்திவிட்டுக் கிக்கையும் ஸ்னேரையும் மட்டும் வாசியுங்கள். அவை இரண்டும் கிளிக்கோடு ஒட்டியபிறகு ஹை-ஹாட்டைச் சேருங்கள். கிளிக் சத்தமே காணாமல் போனது போலத் தோன்றினால் நீங்கள் சரியாக அதன் மேலேயே அடிக்கிறீர்கள். எலக்ட்ரானிக் கிட்டில் கிளிக்கும் உங்கள் அடியும் ஒரே ஹெட்ஃபோனில் வருவதால் இதைப் பிடிப்பது எளிது.

எலக்ட்ரானிக் கிட்டில் தொடங்கியவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அடிப்பது. ஹை-ஹாட்டை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வால்யூமை ஃபேடரில் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பில்) குறைத்துக்கொள்ளலாம் என்ற வசதி இருப்பதால் கை சோம்பேறியாகிவிடுகிறது. நிஜ டிரம்ஸில் ஃபேடர் கிடையாது. அங்கே போய் இதே பலத்தில் சிம்பலை அடித்தால் மற்ற எதுவும் கேட்காது. மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் மணிக்கணக்கு வாடகைக்கு நிஜக் கிட்டில் உட்கார்ந்து பாருங்கள். மற்ற நாட்களில் மாட்யூலில் எல்லா ஒலியையும் ஒரே அளவில் வைத்துவிட்டு, ஸ்னேர் பலமாகவும் ஹை-ஹாட் மெதுவாகவும் கேட்கும்படி கையாலேயே கொண்டுவரப் பழகுவது நல்ல பயிற்சி. ஆரம்பத்தில் சித்திரவதையாக இருக்கும்.

பழைய கிட் வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆசையாக வாங்கிச் சில மாதத்தில் விட்டுவிடுபவர்கள் நிறைய இருப்பதால் அதிகம் அடிபடாத கிட்கள் சந்தையில் கிடைக்கும். புதுசாக மிக மலிவான ஒன்றை வாங்குவதைவிட, ஒரு படி மேலான கிட்டைப் பழசில் வாங்குவது என் கணக்கில் லாபம். நேரில் போய் ஹெட்ஃபோனோடு பாருங்கள். ஸ்னேரின் நடுவிலும் நான்கு ஓரத்திலும் மெதுவாகத் தட்டுங்கள். எங்கேயாவது ஊமையாக இருந்தால் சென்சார் பெயர்ந்திருக்கும். ஹை-ஹாட் பெடலை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே தட்டைத் தட்டுங்கள், திறந்த ஒலி திடீரென்று அறுந்து மூடிய ஒலிக்குத் தாவுகிறதா என்று கவனியுங்கள். கேபிள்கள் பேடில் நுழையும் இடத்தை ஆட்டிப் பாருங்கள், கரகரப்பு வரக் கூடாது. கடற்கரை ஊர்களில் கிளாம்ப் திருகுகள் துருப்பிடித்திருக்கும்; ஒவ்வொன்றையும் கையால் திருகி, மரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாட்யூலில் எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள். அடாப்டர் கிட்டோடு வந்த அசல்தானா என்று கேளுங்கள். வோல்ட்டோ துருவமோ மாறிய வேறு அடாப்டரைப் போட்டு வைத்திருந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடலாம். பேட், பெடல், கேபிள் எது போனாலும் தனியாக வாங்கிவிட முடியும்; மாட்யூல் போனால் கிட்டின் விலையில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.